பூத்தும் காய்க்காத கிவிக் கொடி: ஒரு வீட்டுத் தோட்ட நிகழ்வு ஆய்வு

நட்டு ஏழு ஆண்டுகள் ஆன இரண்டு ஹார்டி கிவிக் கொடிகள் (கடுங்குளிர் தாங்கும் கிவி வகை). அடித்தண்டு மணிக்கட்டுப் பருமனுக்குத் திரண்டிருந்தது. வேலியை மூடி, வேலிக்கு மேலிருந்த மர வளைவையும் மூடி, பக்கத்து ஆப்பிள் மரத்தின் கிளை ஒன்றையும் எட்டிப் பிடித்திருந்தன. இலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழம் மட்டும் ஒன்றுகூட இல்லை. முதல் ஐந்து ஆண்டுகள் பூவே கிடையாது. கடைசி இரண்டு வசந்தங்களில் பூத்து, பூ உதிர்ந்து, வெறுங்காம்பு காய்ந்து விழுந்திருக்கிறது. தோட்டத்துக்காரர் முதலில் மண்ணைச் சந்தேகித்தார், பிறகு உரத்தை, பிறகு குளிரை. கொடியை வேரோடு தோண்டி எறிந்துவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

ஆரோக்கியமாக இருந்தும் காய்க்காத கிவிக் கொடியைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பூவைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். உரம் மட்டும் மூட்டை மூட்டையாகப் போட்டிருப்பார்கள். இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. ஆனால் இந்தத் தோட்டத்தில் காரணம் ஒன்றல்ல, மூன்று. ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்திருந்ததால், முதலாவதைச் சரிசெய்த பிறகுதான் இரண்டாவது தெரிந்தது, இரண்டாவதைத் தாண்டிய பிறகுதான் மூன்றாவது. அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

எந்தக் கொடி இது

கடையில் விற்கும், தவிட்டு நிற ரோமம் போர்த்த கிவி வேறு. இது அதே ஆக்டினிடியா பேரினத்தின் இன்னொரு இனம், ஆக்டினிடியா அர்குட்டா. ஜப்பான், கொரியா, வடசீனா, ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். பழம் பெரிய திராட்சை அளவுதான். தோல் வழவழப்பாக இருக்கும்; உரிக்க வேண்டியதில்லை, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே பெரிய கிவியில் பார்க்கும் அதே பச்சைச் சதை, அதே கருப்பு விதைகள். இனிப்பு அதைவிட அதிகம். கிவி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இதுவும் ஆகாது.

உறக்கநிலையில் இருக்கும் முதிர்ந்த கொடி சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் வரையும், சில ரகங்கள் அதற்கு மேலும் தாங்கும். ஆக்டினிடியா கோலமிக்டா என்ற நெருங்கிய உறவு இனம் இன்னும் கடுமையான குளிரையும் தாங்கும். குளிர் இதற்குப் பகை இல்லை, தேவை. குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் கிடைக்காத கொடியில் மொட்டு ஒழுங்காக விழிக்காது, பூவும் வராது. ஆகவே குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் இதை வைத்துப் பாடுபடுவது வீண். இந்தத் தோட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. உறைபனிக் குளிர் மாதக்கணக்கில் இருக்கும் இடம்.

மண்ணும் உரமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மண் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். ஆறுக்குப் பக்கத்தில். கிவிக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது. வடிகால் நன்றாக இருந்தது. மழை பெய்த மறுநாள் குழி தோண்டிப் பார்த்தோம், தண்ணீர் தேங்கவில்லை. இதை நான் தவறாமல் பார்ப்பேன். தேங்கிய ஈரத்தில் வேரழுகல் பிடித்தால் இந்தக் கொடி பிழைப்பது அரிது. இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாயவில்லை. அதாவது மண்ணின் பக்கம் குற்றமே இல்லை.

உரம்தான் அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. காய்க்கவில்லை என்ற கவலையில் ஆண்டுக்கு ஆண்டு தழைச்சத்து கூடிக்கொண்டே போயிருக்கிறது. கொடியும் வாங்கிய சத்துக்கெல்லாம் கணக்காக இலையும் குச்சியும் விட்டிருக்கிறது. ஹார்டி கிவி சும்மா விட்டாலே ஒரு பருவத்தில் மூன்று, நான்கு மீட்டர் நீளத்துக்குக் குச்சி விடும். அதற்குத் தழைச்சத்தை வேறு கொட்டினால், கோடையின் பிற்பகுதியில் கிளம்பும் இளங்குச்சிகள் முதிராமலே குளிர்காலத்துக்குள் நுழைந்து கருகும். முதல் மாற்றமாக உரத்தை நிறுத்தச் சொன்னேன். மக்கிய இலைகளால் மூடாக்கு மட்டும் போதும், அதுவும் தண்டை ஒட்டிக் குவிக்காமல். இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. ரசாயன உரத்தின் உப்பு அவற்றைச் சுட்டுவிடும் என்பதும் ஒரு காரணம்.

முதல் முடிச்சு: வெட்டுக்கத்தரி

நான் முதலில் போனது குளிர்காலத்தின் கடைசியில். கொடியில் இலை இல்லை, எலும்புக்கூடு அப்படியே தெரிந்தது. நல்லதாகப் போயிற்று. காய்க்காத கொடியின் கதையை இலை இல்லாத காலத்தில்தான் சரியாகப் படிக்க முடியும்.

வேலியின் நடுப்பகுதி நெடுக, பழைய தண்டில் முடிச்சு முடிச்சாக வெட்டுத் தழும்புகள். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் கொத்தாகக் குச்சிகள் கிளம்பியிருந்தன. "குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வேலிக்கு வெளியே நீட்டியிருப்பதை எல்லாம் ஒட்ட வெட்டிவிடுவேன், பார்க்கச் சீராக இருக்கும். போன இரண்டு குளிர்காலமாக முதுகுவலி, ஏணி ஏற முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்" என்றார்.

கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அவர் அக்கறையோடு வெட்டிய ஐந்து ஆண்டுகளில் பூ இல்லை. கைவிட்ட இரண்டு ஆண்டுகளில் பூ. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகவில்லை.

கிவியில் பூ வருவது அந்த ஆண்டு கிளம்பும் புதுத் துளிரின் அடிக் கணுக்களில். அந்தத் துளிர், முந்தைய ஆண்டு வளர்ந்து முதிர்ந்த குச்சியின் மொட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். கிழட்டுத் தண்டிலிருந்து நேரே பீறிட்டு வரும் தளிர் அந்த ஆண்டு பெரும்பாலும் பூக்காது. அது அடுத்த ஆண்டுக்கான முதலீடு. குளிர்காலம்தோறும் ஓராண்டுக் குச்சிகளை எல்லாம் தண்டோடு ஒட்ட நறுக்கினால், பூக்க வேண்டிய மொட்டு அனைத்தும் குப்பைக்குப் போகிறது. கொடி மறுபடி தண்டிலிருந்து தளிர் விடுகிறது, அடுத்த குளிர்காலத்தில் அதுவும் போகிறது. இப்படி எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பசுமையாக, மலடாக வைத்திருக்கலாம்.

அதற்காகக் கவாத்தே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வெட்டாமல் விட்ட இரண்டு ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்பதற்கு அந்த மர வளைவே சாட்சி. குச்சிமேல் குச்சி ஏறி, உள்ளே இருந்தவை வெளிச்சம் காணாமல் செத்து, கைவிட்டுப் பார்த்தால் சுள்ளிக் கட்டு. வளைவின் ஒரு கால் மண்ணிலேயே சாய்ந்திருந்தது. நனைந்த இலையோடு முழுக் கொடி எவ்வளவு கனக்கும் என்பதை அலங்கார வளைவு விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஆகவே அந்தக் குளிர்காலத்தில் வேலையைத் தாங்கியிலிருந்து தொடங்கினோம். வளைவை எடுத்துவிட்டு, ஆறடி உயரத்தில் 'டி' வடிவக் கம்பங்கள் நட்டு, குறுக்குச் சட்டத்தில் கனமான கம்பிகளை இழுத்துக் கட்டினோம். கம்பம் மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், ஓரக் கம்பங்களுக்கு இழுகம்பி வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் பழம் வரும் ஆண்டில்தான் சரியும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரே ஒரு நேர்த்தண்டு, மேலே நடுக்கம்பியில் இரு பக்கமும் ஓடும் இரண்டு கைகள். அந்தக் கைகளிலிருந்து பக்கவாட்டில் ஓராண்டுக் குச்சிகளை ஏறக்குறைய 30 செ.மீ. இடைவெளியில் விட்டு, ஓரக் கம்பிகளின் மேல் கிடத்திக் கட்டினோம். மற்றதெல்லாம் போயிற்று. சென்ற ஆண்டு வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தரையில் கிடந்தது. தோட்டத்துக்காரரின் முகம் சுருங்கிப்போனது. "நான் வெட்டியதைவிட நீங்கள் அதிகமாக அல்லவா வெட்டியிருக்கிறீர்கள்!" என்றார். உண்மைதான். எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட எதை மிச்சம் வைத்தோம் என்பதுதான் இங்கே கணக்கு.

நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையும் இது. வேர் விழித்துச் சாறு ஏறத் தொடங்கிய பிறகு கத்தரி வைத்தால் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் வடியும். கொடி சாகாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆப்பிள் மரத்தில் ஏறியிருந்ததையும் அன்றே இறக்கினோம். இந்தக் கொடி மரத்தில் ஏறினால் அழகாக இருக்கும் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அலங்காரத்துக்காக நடப்பட்ட இதே கொடிதான், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் தோட்டங்களை விட்டு வெளியேறி, காட்டு மரங்களின் உச்சிவரை போர்த்து அமுக்கி வருகிறது. பந்தலில் இருக்கும் வரைதான் இது வீட்டுக் கொடி.

இரண்டாம் முடிச்சு: வசந்தத்தின் ஒரே ஓர் இரவு

பூத்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டபோது இன்னொரு செய்தி கிடைத்தது. முதல் முறை பூத்தபோது பூ முழுவதும் உச்சியில்தான் இருந்ததாம். மார்பு உயரத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. "கீழே இருந்த தளிரெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கருத்துத் தொங்கியது. ஏதோ பூசணம் என்று மருந்து அடித்தேன்" என்றார்.

பூசணம் உயரம் பார்த்து வராது. உறைபனி பார்க்கும். தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, தரையை ஒட்டிக் குளிர்காற்று ஓடிவந்து பள்ளத்தில் தேங்கும். அந்தத் தோட்டத்தில் கொடி இருந்த மூலை வீட்டுமனையிலேயே தாழ்ந்த இடம். பலகை வேலி குளிர்காற்றுக்கு அணை கட்டியதுபோல் குறுக்கே நின்றது.

உறங்கும் கொடி சுழியத்துக்குக் கீழே 25 டிகிரியைத் தாங்கும் என்றேன். அதே கொடியின் புதுத்துளிர் சுழியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரியில் ஓர் இரவு நின்றால் செத்துவிடும். ஹார்டி கிவி மற்ற பல பழ மரங்களுக்கு முந்திக்கொண்டு துளிர்க்கும் அவசரக்காரக் கொடி. கடுங்குளிரையெல்லாம் கடந்து வந்து, பருவத்தின் கடைசி உறைபனியில் மாட்டிக்கொள்வதுதான் இதன் வழக்கம். துளிர் கருகினால் பக்கத்து மொட்டுகள் விழித்து மறுபடி பச்சை கட்டும், கொடிக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த இரண்டாம் துளிரில் பூவை எதிர்பார்க்க முடியாது. அந்த ஆண்டு அவ்வளவுதான்.

ஏழு வயதுக் கொடியைப் பெயர்த்து நடுவது நடக்காத காரியம். செய்ய முடிந்தது மூன்று. வேலியின் அடிப்பலகைகளைக் கழற்றிக் குளிர்காற்று வழிந்தோட வழி விட்டோம். காய்க்கும் குச்சிகள் அனைத்தையும் ஆறடிக்கு மேலே கொண்டுபோன புதுத் தாங்கியும் இதற்கு உதவியது. மூன்றாவதாக, உறைபனி எச்சரிக்கை வரும் இரவுகளில் பந்தல்மேல் போர்த்தத் துணி தயாராக வைத்தோம். போர்வை தரைவரை தொங்க வேண்டும். மண்ணின் சூடுதான் உள்ளே நிற்கப் போகிறது. உச்சியை மட்டும் மூடிப் பயனில்லை. அந்த வசந்தத்தில் துணியைப் பயன்படுத்த வேண்டி வந்தது. ஓரத்தில் மூடாமல் விடுபட்ட ஒரு குச்சியின் துளிர் மட்டும் காலையில் கருத்துக் கிடந்தது. மற்றவை தப்பின.

புதிதாக நடப் போகிறவர்களுக்கு: வெயில் நன்றாக விழும் சரிவின் மேற்பகுதியைத் தேர்ந்தெடுங்கள், பள்ளத்தைத் தவிருங்கள். குளிர்காலச் சூரியன் நாள் முழுவதும் சுடும் வெள்ளைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். சுவரின் சூடு கொடியைச் சீக்கிரம் எழுப்பிவிடும். அதே குளிர்கால வெயில் இளந்தண்டின் பட்டையைப் பகலில் சூடாக்கி, இரவில் உறைய வைத்து, நெடுக்காக வெடிக்க வைப்பதும் உண்டு. முதல் சில ஆண்டுகளுக்குத் தண்டில் சாக்கு சுற்றினால் போதும்.

மூன்றாம் முடிச்சு: பூ

கவாத்து சரியாயிற்று, உறைபனியும் தாண்டியாயிற்று. வசந்தம் முடியும் தறுவாயில் இரண்டு கொடிகளும் கம்பி தெரியாமல் பூத்தன. தோட்டத்துக்காரர் மகிழ்ச்சியோடு கூப்பிட்டார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன்.

கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டு வாங்கியிருந்தார். ஒன்றின் அட்டையில் பெண், மற்றதில் ஆண் என்று எழுதியிருந்ததாம். அட்டைகள் எப்போதோ காற்றில் போய்விட்டன. ஆனால் எது எங்கே நட்டது என்பது அவருக்கு நினைவிருந்தது: இடப்பக்கம் பெண், வலப்பக்கம் ஆண்.

இடப்பக்கக் கொடியில் ஒரு பூவைப் பறித்துக் கவிழ்த்துப் பிடித்தேன். வெண்மையில் லேசான பச்சை கலந்த இதழ்கள். நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய, பச்சையான, வழவழப்பான குடம் போன்ற சூலகம். அதன் உச்சியிலிருந்து ஏறக்குறைய இருபது வெள்ளைச் சூல்தண்டுகள் எல்லாத் திசையிலும் விரிந்து வளைந்திருந்தன. அவற்றைச் சுற்றிலும் மெல்லிய கம்பிகளின் நுனியில் கருநீலமான மகரந்தப்பைகள். ஐயமே இல்லாத பெண் பூ.

வலப்பக்கக் கொடிக்குப் போனேன். அதே குடம். அதே வெள்ளைத் தண்டுகள். அதே கருநீலப் பைகள்.

இன்னொரு கிளை, இன்னொரு பூ, பந்தலின் அந்தக் கோடிவரை பார்த்தேன். எல்லாம் பெண்.

தோட்டத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மகரந்தம் இருக்கிறதே!" என்று பூவை உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். தூள் விழத்தான் செய்தது. இந்தக் கொடியின் பெரிய ஏமாற்று வேலையே அதுதான். பெண் பூவிலும் மகரந்தப்பை உண்டு, அது வெடித்துத் தூளும் உதிரும். ஆனால் அந்தத் தூளுக்கு உயிர் கிடையாது. தேனீயும் அதை நம்பி வரும், மனிதரும் நம்புவார்கள். ஒரே பூவில் சூலகமும் மகரந்தமும் பார்த்துவிட்டு, தன் கொடி தானே காய்க்கும் ரகம் என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மகரந்தத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, சூலகத்தைப் பார்க்க வேண்டும். ஆண் பூவில் நடுவே அந்தக் குடம் இருக்காது. ஒரு சிறு மொட்டை மேடு மட்டும் இருக்கும், அதுவும் மகரந்தக்கம்பிகளின் கூட்டத்தில் மறைந்திருக்கும். வெள்ளைத் தண்டுகள் நட்சத்திரம்போல் விரிந்திருப்பதைப் பார்க்கவே முடியாது.

நாற்று விற்ற இடத்தில் அட்டை மாறியிருக்கிறது. யாரையும் பெரிதாகக் குறை சொல்லவும் முடியவில்லை. இலையையோ குச்சியையோ பார்த்து அர்குட்டா ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. முதல் பூ வரும்வரை எழுதிவைத்ததை நம்புவதுதான். பூ வருவதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். இங்கே கத்தரி அந்தப் பூவையும் வரவிடாமல் தடுத்ததால், அட்டையின் பொய் ஐந்து ஆண்டுகள் வெளிவராமலே கிடந்தது.

இந்தக் குழப்பம் கிவியின் வரலாற்றிலேயே உண்டு. சீனாவிலிருந்து தாவர வேட்டையாளர் ஈ. எச். வில்சன் அனுப்பிய விதைகளில் முளைத்து இங்கிலாந்தின் தோட்டங்களுக்குப் போன பெரிய கிவிக் கொடிகள் பூத்தன, காய்க்கவில்லை. அவை ஆண் கொடிகள். நியூசிலாந்துக்கு அதிர்ஷ்டம் வேறுவிதமாக அடித்தது. 1904இல் இசபெல் ஃப்ரேசர் என்ற ஆசிரியை சீனாவிலிருந்து வாங்கனூயிக்குக் கொண்டுவந்த கொஞ்சம் விதையில் ஆணும் முளைத்தது, பெண்ணும் முளைத்தது. 1910இல் அலெக்சாண்டர் அலிசன் என்பவரின் தோட்டத்தில் பழுத்தன. ஒரு நாட்டுக்குப் பழத்தொழில் கிடைத்ததும் இன்னொரு நாட்டுக்கு அலங்காரக் கொடி மட்டும் கிடைத்ததும் விதையில் விழுந்த ஆண், பெண் பாலைப் பொறுத்துத்தான்.

உறுதிப்படுத்தியது எப்படி

கண்ணால் பார்த்ததே போதும் என்றாலும், தோட்டத்துக்காரரின் மனம் ஆறவில்லை. எனவே அந்த வாரமே ஒரு சோதனை செய்தோம். கிவிப் பந்தல் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, அன்று காலை விரிந்த ஆண் பூக்களைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். இடப்பக்கக் கொடியின் ஒரு கையில் இருந்த பூக்களுக்கு மட்டும் ஆண் பூவை மலர்ந்த முகத்தோடு முகம் வைத்து மெல்லத் தேய்த்தோம். ஓர் ஆண் பூ நான்கைந்து பெண் பூக்களுக்குப் போதும். தேய்த்த குச்சிகளில் நூல் கட்டினோம். அதே கொடியின் மறு கையைத் தொடவில்லை.

இதழ்கள் உதிர்ந்து சில நாள்களிலேயே விடை தெரிந்துவிட்டது. நூல் கட்டிய பக்கத்தில் பச்சைக் குடங்கள் பருத்தன, காம்பு தடித்தது. தொடாத பக்கத்தில் சூலகம் மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிர்ந்தது. ஒரே வேர், ஒரே தண்டு, ஒரே உரம், ஒரே வெயில். வேறுபட்டது மகரந்தம் ஒன்றுதான். தோட்டத்துக்காரர் அன்றைக்கு உரமூட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆண் கொடிக்கு வழி

புதிதாக ஓர் ஆண் நாற்று நடலாம். அது பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். தானே காய்க்கும் 'இஸ்ஸாய்' என்ற ஜப்பானிய ரகத்தை நடலாமே என்று கேட்டார். இடம் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு அது சரி; வீரியமும் குளிர் தாங்கும் திறனும் அதற்குக் குறைவு. நன்றாக வளர்ந்து நிற்கும் இரண்டு பெண் கொடிகளை வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. இலையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் தெளித்த கோலமிக்டா ஆண் கொடி பார்க்க அழகாக இருக்கிறதே என்றும் கேட்டார். அழகுதான். ஆனால் கோலமிக்டா அர்குட்டாவுக்கு முன்பே பூத்து முடித்துவிடும். அர்குட்டாப் பெண்ணுக்கு அதே காலத்தில் பூக்கும் அர்குட்டா ஆண்தான் வேண்டும்.

நாங்கள் தேர்ந்தது ஒட்டு. வலப்பக்கக் கொடியின் இரண்டு கைகளில் ஒன்றை ஆணாக மாற்றுவது. அடுத்த குளிர்காலத்தில், ஆண் கொடி உறக்கத்தில் இருக்கும்போதே பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டி, ஈரப் பாசியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தோம். ஒட்டுக் கட்ட அவசரப்படக் கூடாது. சாறு வடியும் காலத்தில் கட்டினால் ஒட்டுவாய்க்குள் நீர் நிரம்பி, ஒட்டுக்குச்சி பிடிக்காமல் அழுகும். கொடியில் இலை விரிந்து, வெட்டினாலும் வடியாது என்ற நிலை வந்த பிறகு சாய்வெட்டு ஒட்டுக் கட்டினோம். ஒட்டுக்கு மேலே மெழுகு, சுற்றிலும் நாடா. தாய்த்தண்டிலிருந்து அந்த இடத்துக்குக் கீழே கிளம்பிய போத்துகளை வாரந்தோறும் கிள்ள வேண்டியிருந்தது. விட்டால் பெண் தளிர் முந்திக்கொண்டு ஒட்டைப் பட்டினி போட்டுவிடும்.

காப்புக்கு ஓர் ஆண் நாற்றும் வாங்கி மூலையில் நட்டார். அதற்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மறுநாள் காலை நாற்று தரையோடு நசுங்கிக் கிடந்தது, மேலே பூனை ஒன்று கண்ணை மூடிப் புரண்டுகொண்டிருந்தது. ஆக்டினிடியாக் கொடிகளின் இலையிலும் வேரிலும் பூனைகளைக் கிறங்க வைக்கும் பொருள்கள் உண்டு. முதிர்ந்த கொடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இளநாற்றை ஒரே இரவில் முடித்துவிடும். அடியிலிருந்து மீண்டும் தளிர்த்த நாற்றைச் சுற்றி இப்போது கம்பிவலைக் கூண்டு நிற்கிறது. நாற்று நடும் அன்றே கூண்டும் வைத்துவிடுங்கள்.

காய்ப்பு

ஒட்டு பூக்கும்வரை கையால் தேய்ப்பதே வழி. பிறகு ஒட்டுக் கை பூத்தது. ஆறு, எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் போதும் என்பது தோப்புக் கணக்கு, இங்கே ஒன்றரைப் பெண்ணுக்கு அரை ஆண். மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கையால் தேய்ப்பதை முழுவதும் நிறுத்த வேண்டாம் என்றேன். கிவிப் பூவில் தேன் கிடையாது. தேனீ மகரந்தத்துக்காக மட்டுமே வரும், பக்கத்தில் தேனுள்ள பூ மலர்ந்திருந்தால் அங்கே போய்விடும். சூலகத்தில் எத்தனை விதை பிடிக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பழம் பருக்கும். அரைகுறையாக மகரந்தம் பெற்ற பழம் சிறுத்து, ஒரு பக்கம் சூம்பி நிற்கும். அப்படி நின்ற பழங்களை அறுத்துப் பார்த்தோம், சூம்பிய பக்கத்தில் விதை விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தது.

காய் முழு அளவை எட்டியதும் பறிக்கத் துடிப்பது இயல்பு. கூடாது. கோடையிலேயே உருவம் முழுமையடைந்துவிடும், உள்ளே இனிப்பு ஏறுவது பிறகுதான். சாம்பிளுக்கு ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும். விதை வெள்ளையாகவோ தவிட்டு நிறமாகவோ இருந்தால் விட்டுவிட வேண்டும், கறுத்திருந்தால் பறிக்கத் தொடங்கலாம். சர்க்கரை அளக்கும் ஒளிவிலகல்மானி இருந்தால் எட்டுப் பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவின் அலகு) அளவில் கெட்டியாகப் பறித்துக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து, வேண்டியபோது வெளியே எடுத்துப் பழுக்க வைக்கலாம். கொடியிலேயே பழுத்துக் கையில் அமுங்கும் பழம் இருபது பிரிக்ஸைத் தொடும். சுவை அதில்தான். ஆனால் அது தங்காது. பறித்த கையோடு தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் பறவை தின்னும்.

நன்கு வளர்ந்த ஒரு பெண் கொடி ஒரு பருவத்தில் இருபது கிலோவுக்கு மேலும் தரும். இந்தக் கொடிகள் இன்னும் அந்த அளவை எட்டவில்லை. பழைய தழும்புத் தண்டிலிருந்து புதுக் கைகள் முழுவதும் நிலைகொள்ள இன்னும் ஓரிரு பருவம் ஆகும்.

இப்போது கவனம் தேவைப்படுவது ஒட்டுக் கைக்குத்தான். ஆண் கொடிக்குக் காய்ச்சுமை இல்லை, மிச்சமாகும் வலுவெல்லாம் குச்சியில் போய்ப் பெண் பக்கத்தை மூடிவிடும். அதனால் பெண்ணுக்குக் குளிர்காலக் கவாத்து, ஆணுக்குப் பூ முடிந்த கையோடு கோடைக் கவாத்து என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். குளிர்காலத்தில் ஆண் கையில் கத்தரி பட்டால் அந்த ஆண்டின் மகரந்தம் போயிற்று. இலையில்லாத நாளில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாததால், ஒட்டுவாயிலிருந்து அரையடிக்கு அந்தக் கையில் நீலச் சாயம் பூசி வைத்திருக்கிறது.